இங்கே தலைப்பை எழுதவும்

பிப்ரவரி 3, திங்கள்

திருப்புதல் தேர்வுத் தாள்கள் வந்துவிட்டன. நாற்பத்திரண்டு. மதிய இடைவேளையில் கட்டுரைப் பகுதியை மட்டும் திருத்திவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஏழு தாள் தாண்டவில்லை, தலை கொதிக்கிறது. ஏழிலும் ஒரே முன்னுரை. தலைப்பைத் தவிர ஒரு சொல் முன்பின் இல்லை.

"மனிதன் தோன்றிய நாள்முதல் கைப்பேசி அவனோடு பின்னிப் பிணைந்திருக்கிறது. கைப்பேசி இல்லாத உலகை நம்மால் எண்ணிப் பார்க்க முடியுமா? கைப்பேசி என்னும் கடலில் மூழ்கிச் சில முத்துகளை எடுத்து வருவோம், வாருங்கள்."

மனிதன் தோன்றிய நாள்முதலா? குகையில் உட்கார்ந்துகொண்டு யார் யாரைக் கூப்பிட்டார்கள்?

மூன்று தலைப்பு கொடுத்திருந்தேன். கைப்பேசி, குடிநீர்ச் சிக்கனம், பிளாஸ்டிக் ஒழிப்பு. ஆக மூன்று கடல். பிளாஸ்டிக் ஒழிப்பு என்னும் கடலில் மூழ்கி ஒருத்தி முத்து எடுக்கிறாள்.

இரண்டு வருடமாக இவர்களுக்குப் பாடம் எடுக்கிறேன். எதைப் பற்றிப் பேசப்போகிறாய், அதில் நீ என்ன சொல்லப்போகிறாய், அதை நான் ஏன் படிக்க வேண்டும் — இந்த மூன்றும் முதல் நாலு வரியில் தெரிய வேண்டும் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியிருக்கிறேன். சுவரிடம் சொல்லியிருக்கலாம். சுவராவது டியூஷனுக்குப் போகாது.

பிப்ரவரி 4, செவ்வாய்

நாற்பத்திரண்டில் முப்பத்தெட்டு. மீதி நாலு பேர் எந்த டியூஷனுக்கும் போகாதவர்கள். விசாரித்துவிட்டேன்.

முப்பத்தெட்டில் ஒன்று தனி ரகம். முதல் பெஞ்சில் சன்னலை ஒட்டி ஒருத்தி உட்காருவாள். கரும்பலகையில் நான் போடும் அடிக்கோட்டைக்கூட ஸ்கேல் வைத்துப் போட்டுக்கொள்வாள். அவள் எழுதியிருப்பது இது: "மனிதன் தோன்றிய நாள்முதல் இங்கே தலைப்பை எழுதவும் அவனோடு பின்னிப் பிணைந்திருக்கிறது. இங்கே தலைப்பை எழுதவும் இல்லாத உலகை நம்மால் எண்ணிப் பார்க்க முடியுமா?" மூன்றாவது வாக்கியத்திலும் அதேதான். இங்கே தலைப்பை எழுதவும் என்னும் கடலில் மூழ்கியிருக்கிறாள்.

எவனோ அச்சடித்துக் கொடுத்த தாளில் தலைப்பு வர வேண்டிய இடத்தில் அப்படிப் போட்டிருக்கிறான். இவள் எழுத்து விடாமல் உருப்போட்டு அப்படியே இறக்கிவைத்துவிட்டாள்.

ஆசிரியர் அறையில் உரக்க வாசித்தேன். வரலாற்று ஆசிரியருக்கு டீ புரையேறிவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் முன்னைவிடக் கோபம் வந்தது.

பிப்ரவரி 5, புதன்

வகுப்பிலும் வாசித்துக் காட்டினேன். பெயர் சொல்லவில்லை. சொல்லவும் தேவைப்படவில்லை, அவள் தலை மேசையைத் தொடும் அளவுக்குக் குனிந்துவிட்டாள். வகுப்பே சிரித்தது. சிரித்த அத்தனை பேரும் அதே கடலில் மூழ்கினவர்கள்தான் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

"இதை யார் எழுதிக் கொடுத்தது?" என்று கேட்டேன்.

"நெட்ல வந்துச்சு டீச்சர்."

பொய். வாய் கூசாமல் பொய். பரவாயில்லை, நாலு பேர் முன்னால் சிரிப்பாய்ச் சிரித்தால்தான் இவர்களுக்கு உறைக்கும்.

பிப்ரவரி 6, வியாழன்

ஆசிரியர் கூட்டம். முப்பத்தெட்டுத் தாள்களையும் தலைமையாசிரியை மேசையில் போட்டேன்.

அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "முன்னுரைக்கு அஞ்சு மார்க். அதை மட்டும் குறைச்சா போதாதா?"

"காப்பி காப்பிதான் மேடம். கட்டுரை முழுசுக்கும் பூஜ்யம் போடணும். இன்னிக்கு விட்டோம்னா பரீட்சையிலயும் இதைத்தான் எழுதுவாங்க."

முழுக் கட்டுரைக்கு இருபது மதிப்பெண். அது போனால் பதினோரு பேர் தேறமாட்டார்கள். திருப்புதலில் தேறாதவர் பெயர் இறுதித் தேர்வுப் பட்டியலில் சேராது. பட்டியல் இருபத்தொன்றாம் தேதி போகிறது. இதெல்லாம் தெரிந்துதான் பேசினேன். அந்தப் பதினொன்றில் முதல் பெஞ்சுக்காரியும் ஒருத்தி என்பதும் தெரியும்.

யாரும் எதிர்த்துப் பேசவில்லை. நான் பேசிய பேச்சு அப்படி. முடிவாகிவிட்டது.

பிப்ரவரி 7, வெள்ளி

அவள் இன்று வரவில்லை. நேற்றும் வரவில்லையாம்.

அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். "தலைப்பு." மூன்றாம் பெஞ்சிலிருந்து ஒருவன், "தலைப்பு வரலையா, அப்ப இங்கே என்ன எழுதுறது?" என்றான். அவனை வெளியே நிற்கவைத்தேன். அரை மணி நேரம் நின்றான். அந்தப் பெயருக்குப் பிள்ளையார் சுழி போட்டது யார் என்று அவன் திருப்பிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

மதியம் என் மேசையில், வருகைப் பதிவேட்டுக்கு அடியில், யாரோ அந்தத் தாளை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். வழவழவென்ற தாள், இரண்டு நிறத்தில் அச்சு. "எந்தத் தலைப்புக்கும் ஒரே முன்னுரை." மூன்று வாக்கியங்கள். தலைப்பு வர வேண்டிய இடத்தில் எல்லாம் "இங்கே தலைப்பை எழுதவும்". கீழே டியூஷன் சென்டரின் முகவரி.

அது என் தம்பியின் சென்டர்.

என் கூடப்பிறந்த தம்பி. இரண்டு வருடமாக அந்த சென்டரை நடத்துகிறான். நான் திருத்தும் பிள்ளைகளுக்கு என் முதுகுக்குப் பின்னால் இதை விற்றுக்கொண்டிருக்கிறான். நாளைக்குப் போய் நாலு கேள்வி நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்கவில்லை என்றால் நான் அவன் அக்கா இல்லை.

பிப்ரவரி 8, சனி

போனேன்.

மாடிப்படி ஏறும்போதே கத்த ஆரம்பித்துவிட்டேன். உள்ளே பிள்ளைகள் இல்லை, நல்லவேளை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"டேய், உனக்கு மனசாட்சி இருக்கா? இந்தக் குப்பைய எவன்டா எழுதினான்?"

"உட்காரு அக்கா. தண்ணி குடி."

"உன் தண்ணி எனக்கு வேணாம். பதினோரு பிள்ளைங்க பரீட்சை எழுத முடியாம நிக்குதுங்க. எவன் எழுதினான்னு கேக்கறேன்."

அவன் கோபப்படவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தான். லேமினேட் செய்த நாள்காட்டித் தாள் அது, பின்பக்கம். பேனாவால் எழுதியிருந்தது.

"கையெழுத்து யாரோடதுன்னு பாரு."

என்னுடையது.

மனிதன் தோன்றிய நாள்முதல், கோடு, அவனோடு பின்னிப் பிணைந்திருக்கிறது. கடல், முத்து, வாருங்கள். எல்லாம் என் கை. மேலே ஒரு குறிப்பு: "எந்தத் தலைப்பு வந்தாலும் இதை எழுது. கோடு போட்ட இடத்தில் தலைப்பைப் போடு. யோசிக்காதே." யோசிக்காதே என்பதற்குக் கீழே இரண்டு அடிக்கோடு.

பதினாலு வருடம். அவன் மொழிப்பாடத்தில் இரண்டு தடவை தோற்றிருந்தான். மூன்றாவது தடவைக்கு முந்தின நாள் என் பின்னாலேயே சுற்றினான், நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், தொல்லை விட்டால் போதும் என்று சுவரில் தொங்கிய நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்துப் பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். அதோடு மறந்தும் போனேன். ஐந்து நாளாக அந்த முத்தையும் கடலையும் வாசித்து வாசித்துப் பல்லைக் கடித்தேனே, ஒரு நொடிகூட எனக்குப் பொறிதட்டவில்லையே.

"ரெண்டு தடவ ஃபெயிலானேன் அக்கா. இதை வச்சுத்தான் பாஸானேன். அப்பா அன்னிக்குத்தான் முதல் தடவையா என்கிட்ட சிரிச்சுப் பேசினாரு. இந்த சென்டர் திறந்தப்பவே உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன். நீ திட்டுவேன்னு விட்டுட்டேன்."

"இப்ப மட்டும் கொஞ்சுவேனாக்கும்?"

"என் பிள்ளைங்களுக்கு உன் பேரைச் சொல்லலக்கா. எங்க அக்கா ஒருத்தி எழுதினதுன்னு மட்டும்தான் சொல்லியிருக்கேன்."

அதைப் பெருமையாகச் சொன்னான். அவனை அறையவும் முடியவில்லை. இறங்கி வந்துவிட்டேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

அது வேறு, இது வேறு. அவன் ஒருத்தனுக்கு எழுதிக் கொடுத்தது அது. அச்சடித்து ஊருக்கெல்லாம் கொடு என்று நான் சொன்னேனா? அவன் செய்த தப்புக்கு நான் எப்படிப் பொறுப்பு?

நான் எழுதினேன் என்பதற்காகப் பிள்ளைகள் காப்பியடித்தது இல்லை என்று ஆகிவிடுமா? ஆகாது. சரிதானே?

வீட்டில் இவரிடம் சொன்னேன். இவர் லிப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கருவிப்பெட்டியைத் தரையில் கொட்டித் துடைப்பார். ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே கேட்டார், "ஸ்கூல்ல சொல்லிட்டியா?"

"எதுக்குச் சொல்லணும்?"

அவர் அடுத்த ஸ்பேனரை எடுத்தார். நான்தான் அதற்குமேல் ஒரு மணி நேரம் பேசினேன்.

பிப்ரவரி 10, திங்கள்

அவள் வரவில்லை.

பிப்ரவரி 12, புதன்

அவள் வரவில்லை.

கடிதம் வந்திருக்கிறது. இறுதித் தேர்வில் கட்டுரையை எப்படித் திருத்த வேண்டும் என்று விதி எழுதும் குழுவுக்கு இந்த வருடம் நான் தலைவி. ஒன்பது வருடமாக எதிர்பார்த்தது. தலைமையாசிரியை கைகொடுத்தார். "நீங்க காட்டின கண்டிப்புக்குக் கிடைச்ச மரியாதை" என்றார்.

ஐந்து நிமிடம் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன். பிறகு யாராவது அந்த லேமினேட் அட்டையைப் பார்த்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். தம்பிக்குப் போன் போட்டு அதைக் கிழித்துப் போடச் சொன்னேன். மாட்டேன் என்றான். திட்டி வைத்துவிட்டேன்.

கிழிக்கச் சொன்னேன். நான். அவனிடம். எழுதிப் பார்க்கவே கேவலமாக இருக்கிறது.

பிப்ரவரி 14, வெள்ளி

அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்தார். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர். கையில் பழைய சூட்டுத் தழும்புகள். கடையிலிருந்து நேராக வந்திருக்கிறார், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"என் பொண்ணு எட்டு நாளா சாப்பாட்டுக்குக்கூட வெளிய வரல டீச்சர். அவ தப்பு பண்ணிட்டான்னு சொல்றாங்க. என்ன தப்புன்னு எனக்குப் புரியல. நீங்க சொல்லுங்க."

"காப்பியடிச்சிருக்காம்மா."

"பக்கத்துல பார்த்தா எழுதினா?"

"இல்ல. மனப்பாடம் பண்ணி."

"நீங்கதானே எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணச் சொல்வீங்க? செய்யுள், குறள், இலக்கண விதி. அவ எழுத்து விடாம படிக்கறவ. குடுத்ததை அப்படியே எழுதியிருக்கா. குடுத்தவங்களை விட்டுட்டு என் பொண்ணப் பார்த்துச் சிரிச்சா எப்படி டீச்சர்?"

நான் என்ன சொன்னேன் என்று எழுதத்தான் வேண்டும். "விசாரிக்கறோம்மா" என்றேன். விசாரிக்கிறார்களாம். குற்றவாளியே உட்கார்ந்து விசாரிக்கிறாளாம். அந்த அம்மா கும்பிட்டுவிட்டுப் போனார். என்னைக் கும்பிட்டுவிட்டு.

பிப்ரவரி 16, ஞாயிறு

தலைமையாசிரியைக்குக் கடிதம் எழுதினேன். காலை உணவு முடிந்ததும் உட்கார்ந்தவள், மதியம் வரை எழுதினேன். மூன்று பக்கம். முடித்துவிட்டு இவரிடம் கொடுத்தேன்.

இவர் முதல் பக்கத்தைப் படித்தார். திருப்பிப் பார்த்தார். மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தார்.

"ஏம்மா, இது என்ன, பாராட்டு விழா அழைப்பிதழா? ஒரு பக்கம் முடிஞ்சிடுச்சு, யாருக்கு என்ன ஆச்சுன்னே தெரியல."

"பின்னணியைச் சொல்ல வேண்டாமா?"

"லிப்ட்டு பாதில நின்னுபோச்சுன்னு வை. நான் ரிப்பேர் புக்குல 'லிப்ட்டு கண்டுபிடிச்ச காலம்தொட்டு'ன்னு எழுதினா, உள்ள மாட்டிக்கிட்டவன் என்ன ஆவான்?"

கோபத்தோடு தாளைப் பிடுங்கினேன். பிடுங்கி நானே படித்தேன். "பதினாறு ஆண்டுகளாக இப்பள்ளியின் வளர்ச்சியோடு பின்னிப் பிணைந்திருக்கும் நான்..."

பின்னிப் பிணைந்திருக்கும். என் கையால். இன்றைக்கு. நாற்பத்திரண்டு வயதில்.

சத்தியமாக அந்த நிமிடம் யார் மேலும் கோபம் இல்லை, என் மேல்தான். நான் என்ன முப்பத்தெட்டுப் பேருக்குப் புத்தி சொல்வது? சொல்ல வந்த விஷயம் தொண்டையில் முள்ளாய் நிற்கிறது, அதைச் சொல்லப் பயம், அதனால் ஒரு பக்கத்துக்கு மாலை போட்டு மேளம் கொட்டியிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளாவது சொல்ல ஒன்றும் தோன்றாமல் முத்துக் குளித்தார்கள். எனக்குச் சொல்ல இருந்தது.

முதல் பக்கத்தைக் கிழித்தேன். இரண்டாவது பக்கத்தையும். மூன்றாம் பக்கத்தில் ஆறாவது வரியாகக் கிடந்ததை எடுத்துப் புதுத்தாளில் முதல் வரியாக எழுதினேன்.

"அந்த முன்னுரையை எழுதியவள் நான்."

அதற்குப் பிறகு எழுத அதிகம் இல்லை. அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது.

பிப்ரவரி 17, திங்கள்

கொடுத்துவிட்டேன்.

தலைமையாசிரியை முதல் வரியைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு மாட்டிக்கொண்டு மீதியைப் படித்தார்.

"காப்பின்னு உங்க வாயாலதான் சொன்னீங்க. பூஜ்யம் போடணும்னு நீங்கதான் நின்னீங்க."

"ஆமா மேடம்."

"எப்ப தெரியும்?"

"எட்டாம் தேதி."

"ஒன்பது நாள்." அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "குழுவுக்கு வேற பேர் அனுப்பணும். புரியுதில்ல?"

"அனுப்புங்க மேடம்."

மிடுக்காகத்தான் சொன்னேன். பிறகு கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஒன்பது வருடம்.

பதினோரு பேரும் வியாழக்கிழமை நூலகத்தில் புதிதாக ஒரு கட்டுரை எழுதலாம். மற்றவர்களுக்கு முன்னுரை மதிப்பெண் மட்டும் குறையும். திருத்தப் போவது நான் இல்லை, கீழ்வகுப்பு மொழியாசிரியை. நியாயம்தான்.

பிப்ரவரி 18, செவ்வாய்

மாலை அவள் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, வழியெல்லாம் யாருடைய வீட்டுத் துணியோ காய்கிறது. அம்மா கதவைத் திறந்தார். அவள் உள்ளறையில் இருந்தாள், வரவில்லை. மூடிய கதவைப் பார்த்துத்தான் பேசினேன்.

"நான் அதை வகுப்புல படிச்சிருக்கக் கூடாது. தப்பு என் மேலதான்."

கதவுக்கு இன்னும் கிட்டப் போனேன்.

"அந்த முன்னுரைய எழுதினதே நான்தான். என் தம்பிக்கு."

கதவு திறந்தது. பதிமூன்று நாளில் முகம் சின்னதாகியிருக்கிறது.

"உங்க தம்பி பாஸானாரா டீச்சர்?"

"ஆனான்."

"அப்ப நான் மட்டும் ஏன் ஃபெயில்?"

அவன் தலைப்பை எழுதினான் என்று நாக்கு நுனி வரை வந்தது. என் புத்தி அப்படி. விழுங்கிக்கொண்டேன். வியாழக்கிழமை மறுதேர்வு என்றேன்.

"எல்லாரும் என்னையேதான் பார்ப்பாங்க."

"பார்ப்பாங்க" என்றேன். பொய் சொல்லிக் கூட்டிப்போக மனம் வரவில்லை.

"முன்னுரை என்ன எழுதறதுன்னே தெரியல டீச்சர். எனக்கு அது ஒண்ணுதான் தெரியும்."

பதினாறு வருடமாகச் சொன்ன விதியெல்லாம் வரிசையாக வாய்க்கு வந்தது. ஒன்றையும் சொல்லவில்லை. "சொல்ல வந்ததை முதல்ல சொல்லிடு, மத்தது தானா வரும்" என்றேன். அவள் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அம்மா படி வரைக்கும் வந்து வழியனுப்பினார். இந்தத் தடவை கும்பிடவில்லை. அதுவே நிம்மதியாக இருந்தது.

பிப்ரவரி 19, புதன்

மீதிப் பத்துப் பேரை உட்காரவைத்தேன். அவரவர் பழைய தாளைக் கொடுத்து முதல் பத்தியைக் கோடு போட்டு அடிக்கச் சொன்னேன். இரண்டாம் பத்தியிலிருந்து படி, எந்த இடத்தில் நீ பேச ஆரம்பிக்கிறாய் என்று பார், என்றேன்.

வெளியே நிற்கவைத்தேனே, அவன் குடிநீர்ச் சிக்கனம் எழுதியிருந்தான். மூன்றாம் பத்தி நடுவில் ஒரு வரி: "எங்கள் மாடிக்குத் தண்ணீர் காலை ஐந்தே முக்காலுக்கு வந்து ஆறு மணிக்கு நின்றுவிடும், அந்தக் கால் மணி நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் பேச மாட்டோம்."

"இதை ஏன்டா உள்ள ஒளிச்சு வச்சிருக்க? இதைக் கொண்டுபோய் மேல வை."

"இது முன்னுரையா டீச்சர்? இதுல முத்தே இல்லையே."

கிண்டலா, நிஜமாகவே கேட்டானா என்று தெரியவில்லை. திட்ட வாயெடுத்தேன். எனக்குத் திட்ட என்ன யோக்கியதை இருக்கிறது? மேலே வை என்று மட்டும் மறுபடி சொன்னேன்.

பிப்ரவரி 20, வியாழன்

பத்து மணிக்கு மறுதேர்வு. தலைப்பு, நேரம் தவறாமை. பத்துப் பேர் வந்து எழுத ஆரம்பித்துவிட்டார்கள். நான் நூலக வாசலில் நின்றேன், உள்ளே எனக்கு வேலை இல்லை.

பத்து பத்துக்கு அவள் படியேறி வந்தாள். நூலகர், லேட்டாக வந்தால் விட முடியாது என்றார். "விடுங்க சார்" என்றேன். நான் கேட்ட விதத்தில் அவர் ஒதுங்கிக்கொண்டார். அவள் என்னைப் பார்க்காமல் கடைசி மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். ஒருவரும் நிமிரவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

தேறிவிட்டாள். தேர்ச்சிக்கு மேல் இரண்டே மதிப்பெண். பதினோரு பேரும் பட்டியலில் இருக்கிறார்கள். சந்தோஷமாக எழுத வேண்டிய நாள். முடியவில்லை.

அவள் கட்டுரையின் தொடக்கம் இது:

"நான் இன்று பத்து நிமிடம் தாமதமாக வந்தேன். தெரிந்தேதான் வந்தேன். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லாரும் அதற்குள் எழுதத் தொடங்கியிருப்பார்கள், நிமிர்ந்து பார்க்க அவர்களுக்கு நேரம் இருக்காது என்று கணக்குப் போட்டேன். நேரம் தவறாமை நல்ல பழக்கம்தான். ஆனால் நேரத்துக்கு வர ஒருவருக்குத் தைரியமும் வேண்டும் என்று இக்கட்டுரையில் சொல்லப்போகிறேன்."

பக்கத்தில் சிவப்பு மையில்: "முன்னுரை எங்கே?" ஐந்துக்கு ஒன்று.

நேராகக் கீழ்வகுப்பு மொழியாசிரியையிடம் போனேன். சின்ன வயதுக்காரி, இங்கேதான் படித்தாள்.

"என்ன போட்டிருக்க நீ? படிச்சுப் பார்த்தியா இல்லையா?"

"படிச்சேன் டீச்சர். நல்லாத்தான் இருக்கு. படிக்கும்போது எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா முன்னுரை மாதிரி இல்லையே. பொதுவா ரெண்டு வரி சொல்லிட்டு அப்புறம் இதைச் சொல்லியிருக்கலாம்."

"யார் சொன்னா அப்படி?"

அவள் திகைத்துப் போய் என்னைப் பார்த்தாள். "நீங்கதான் டீச்சர் சொல்லிக் குடுத்தீங்க. உங்க கிட்டதானே ரெண்டு வருஷம் படிச்சேன்."

தலைமையாசிரியையிடம் போய் மறுமதிப்பீடு கேட்டேன். பெண் தேறிவிட்டாள், பிறகு எதற்கு என்றார். விதிப்படி சரிதான். அந்த விதியை மாற்றும் இடத்தில்தான் நான் இப்போது இல்லை. மறுதேர்வுத் தாள்களை மாதக் கடைசியில் கிழித்துப் போடுவார்கள்.

மார்ச் 3, திங்கள்

தம்பி போன் செய்தான். "அக்கா, தாள்ல அந்தக் குறையைச் சரி பண்ணிட்டேன். இங்கே தலைப்பை எழுதவும்னு இருந்ததை எடுத்துட்டுப் புள்ளி வச்சிட்டேன். இனிமே யாரும் அந்தத் தப்பு பண்ண மாட்டாங்க." நான் போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 24, திங்கள்

இன்று மொழிப்பாடத் தேர்வு. வேறு பள்ளியில் மேற்பார்வை முடித்து எங்கள் பள்ளிக்குத் திரும்பியபோது பிள்ளைகள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அவள் கூட்டத்திலிருந்து விலகி என்னிடம் வந்தாள். யாரோ தூரத்தில் "தலைப்பு, வாடி" என்று கூப்பிட்டார்கள். திரும்பிப் பார்த்து, இரு என்று கையைக் காட்டினாள். பழகிவிட்டது போல.

"எப்படி எழுதின?"

"நல்லா எழுதினேன் டீச்சர்." கொஞ்சம் தயங்கினாள். "பழைய முன்னுரையத்தான் எழுதினேன். இந்தத் தடவ தலைப்பை எழுதிட்டேன்."

எனக்கு முகம் மாறியிருக்க வேண்டும். அவளே சொன்னாள். "அதுக்குத்தானே டீச்சர் மார்க் போடுறாங்க. நான் பாஸாகணும். அம்மாவுக்கு நிக்க முடியல, கால் வீங்குது."

கோபம் வந்தது. அவள் மேல் இல்லை. யார் மேல் என்று தேடினால் தம்பி, சிவப்பு மை போட்டவள், விதி எழுதுகிறவர்கள் என்று சுற்றிவிட்டு, நாள்காட்டித் தாளைக் கிழித்தவளிடம்தான் வந்து நிற்கிறது. "நல்லது பண்ணின" என்றேன். என்ன சொல்வது வேறு?

நாலடி போனவள் திரும்பி வந்தாள்.

"அன்னிக்கு லைப்ரரில எழுதினேனே, அந்தத் தாளைக் கிழிச்சுட்டாங்களா டீச்சர்?"

"இல்ல. என்கிட்ட இருக்கு."

"தூக்கிப் போட்டுடாதீங்க. ரிசல்ட் வந்ததும் வந்து வாங்கிக்கறேன்."

அந்தத் தாள் இந்த நோட்டில்தான், பிப்ரவரி இருபதாம் தேதிப் பக்கத்தில் மடித்து வைத்திருக்கிறேன். கேட்காமல் எடுத்தது, திருட்டுத்தான். "முன்னுரை எங்கே?" என்ற சிவப்பு மை பின்பக்கம் வரை ஊறியிருக்கிறது. அவள் வாங்க வருவதற்குள் அதை அழிக்க ஏதாவது வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.